முக்திநாத் யாத்திரை: மலை விமான நிலையங்களுக்கு விமானிகள் எப்படித் தயாராகிறார்கள்?

108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம், நேப்பாளத்தில் உள்ள முக்திநாத் தலமாகவே வைணவர்களால் வணங்கப்படுகிறது. சிங்கப்பூரிலிருந்து அங்கு செல்லும் பக்தர்கள் சாங்கியிலிருந்து காட்மாண்டு, அங்கிருந்து பொக்காரா, பிறகு ஜோம்சோம் என்று விமானம் மாறிச் செல்வது வழக்கம். இந்த மூன்று இடங்களிலும் தரையிறங்குவதற்கு விமானிகளுக்குத் தனிப் பயிற்சி தேவை.

காட்மாண்டு ஏன் கடினம்?

காட்மாண்டு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,338 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளது. பெரும்பாலான விமான நிலையங்களில் விமானம் சுமார் 3 பாகைச் சரிவில் இறங்கும். காட்மாண்டுக்குத் தெற்கிலிருந்து வரும் விமானமோ மலைத்தொடரைத் தாண்டிய பிறகே, படிப்படியாகவும் செங்குத்தாகவும் இறங்க வேண்டும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் விமானம் கூடுதல் வேகத்தில் தரையைத் தொடும். மீண்டும் மேலெழும்பும்போது இயந்திரத்தின் வலுவும் குறையும்.

1992ல் இரண்டே மாத இடைவெளியில் இங்கு இரு பெரும் விபத்துகள் நேர்ந்தன. ஜூலை 31ஆம் தேதி தாய் ஏர்வேஸ் விமானம் திசை மாறி வடக்கே மலையில் மோதியதில் 113 பேர் மாண்டனர். செப்டம்பர் 28ஆம் தேதி பாகிஸ்தான் விமானம் இறங்கும் படிகளில் ஒன்றை முன்கூட்டியே இறங்கியதால் 167 பேர் உயிரிழந்தனர்.

இலங்கை மலையகத்தில் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் நடந்ததும் இதே வகை விபத்துதான். 1974 டிசம்பர் 4ஆம் தேதி சுராபாயாவிலிருந்து கொழும்பு வந்த ஹஜ் பயணிகள் விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துத் தாழப் பறந்தது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர்.

பயிற்சி முறை

மலை சூழ்ந்த விமான நிலையத்துக்கு முதன்முறை செல்லும் முதன்மை விமானி, அந்த இடத்தை நன்கு அறிந்த விமானியுடன் பறந்தோ, சிமுலேட்டரில் பழகியோ தகுதி பெற வேண்டும் என்பது அனைத்துலக விதி. பாதுகாப்பான குறைந்தபட்ச உயரம், பருவநிலை, இறங்க முடியாவிட்டால் விலகிச் செல்லும் பாதை ஆகியவற்றையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரின் சிலேத்தாரில் ஏர்பஸ் நிறுவனமும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் இணைந்து நடத்தும் பயிற்சி நிலையம் 2016ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் உள்ள சிமுலேட்டர்களில், மேலெழும்பும் நேரத்தில் ஓர் இயந்திரம் பழுதாவது போன்ற ஆபத்துகளை உயிருக்குத் தீங்கின்றித் திரும்பத் திரும்பப் பழகலாம். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி ஒலித்தால், காரணம் ஆராயாமல் உடனே மேலெழும்புவதும் அந்தப் பயிற்சியில் அடங்கும்.

ஆனால் புதிய இடத்தைப் பழகும் பயணத்திலும் கவனம் சிதறக்கூடாது. 2023 ஜனவரி 15ஆம் தேதி பொக்காராவில் விழுந்து 72 பேரைப் பலிகொண்ட எட்டி ஏர்லைன்ஸ் விமானத்தில், ஒரு விமானி புதிய விமான நிலையத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார். தவறான நெம்புகோல்கள் நகர்த்தப்பட்டதால் உந்துவிசை இல்லாமல் போயிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை கூறியது.

பயணிகள் கவனத்துக்கு

ஜோம்சோம் 2,700 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. முற்பகலுக்குப் பின் பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசுவதால் காலையில்தான் விமானங்கள் இயங்கும். 2022 மே 29ஆம் தேதி பொக்காராவிலிருந்து அங்கு சென்ற சிறிய விமானம் மலையில் மோதி 22 பேர் இறந்தனர். நேப்பாள விமான நிறுவனங்கள் ஐரோப்பிய ஒன்றிய வான்வெளியில் பறக்க 2013ல் தடை விதிக்கப்பட்டது.

எனவே யாத்திரைக்குப் பதிவு செய்யும்போது, விமானம் ரத்தானால் என்ன ஏற்பாடு என்று முகவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சாலை வழியும் உண்டு. சிங்கப்பூர் திரும்பும் விமானத்துக்கு முன் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால், வானிலை மோசமான நாளில் பறந்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி இருக்காது. மேகம் மூடியதால் விமானி திரும்பிவிட்டால், அது பயிற்சியின் குறை அல்ல, பயிற்சியின் பயன்.