சின்னமனூர்ச் செப்பேடும் பாமினி எழுத்துருவும்

கம்பம் பள்ளத்தாக்கு பற்றிய என் குறிப்புகளில் சின்னமனூர்ச் செப்பேடுகளுக்குத்தான் எப்போதும் முதலிடம். மூன்றாம் ராஜசிம்ம பாண்டியன் காலத்துப் பெரிய செப்பேடு, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பேசுகிறது. வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். வட்டெழுத்து வழக்கொழிந்து எவ்வளவோ காலமாயிற்று. ஆனாலும் படிக்க முடிகிறது. எந்தக் கீறல் எந்த எழுத்து என்பது ஒருத்தர் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வாசகமே அச்சாகியிருக்கிறது. யாரும் சரிபார்க்கலாம், மறுக்கலாம்.

அதே குறிப்புகளுக்கு நடுவே ஒரு சி.டி.யும் இருக்கிறது. 2001-இல் தேனி டி.டி.பி. கடை ஒன்றில் அடித்த கோயில் விழா மலர். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. ஆயிரம் வருஷத்துச் செம்பு பேசுது, இது பேச மாட்டேங்குது!

அன்றைய எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் ‘எம்’ இடத்தில் ‘அ’, ‘கே’ இடத்தில் ‘ம’. வேறு எழுத்துருவில் வேறு இடம். கணினிக்கு அது தமிழே இல்லை. எழுத்துரு போனால் எழுத்தும் போச்சு. பத்திரிகைத் தளங்கள்கூட ஆளுக்கொரு எழுத்துருவை இறக்கச் சொன்ன காலம் அது. இதைச் சீர்செய்ய 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. புலம்பெயர்ந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் நடந்த சண்டை தனிக் கதை.

என் சி.டி.யைக் காப்பாற்றியது சுரதா யாழ்வாணன் இலவசமாகத் தந்த பொங்குதமிழ் மாற்றி. பாமினியை ஒட்டினால் யூனிகோடில் தருகிறது. பிறகு வந்த ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் இப்படிப்பட்ட மாற்று அட்டவணைகளே திறந்து கிடக்கின்றன. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். வட்டெழுத்து அட்டவணைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதிராம்பட்டினம் உமர்தம்பியைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர் செய்த எழுத்துருவின் பெயர் தேனீ. (எங்க ஊர் இல்லை, பூச்சி.) விண்டோஸ் 98-இல் யூனிகோட் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த நாளில், படிப்பவர் எதையும் இறக்காமலே வலைப்பக்கத்தோடு சேர்ந்து வந்து எழுத்தைக் காட்டியது. காசு வாங்காமல் கொடுத்தார். 2006-இல் காலமானார். அந்த எழுத்துரு இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே ஓடியது. இன்று அதற்கு வேலையில்லை. ஆனால் அதை நம்பி யூனிகோடில் எழுதிய பக்கம் அழியாமல் இருந்தால், இன்றைய எந்தக் கைப்பேசியிலும் படிக்கலாம். எழுத்துருவோடு எழுத்தும் சாகவில்லை. பாமினிக் கோப்புக்கு வாய்க்காதது இதுதான்.

இந்தப் பொதுக் குறியீடு இல்லையென்றால் 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா நடந்திருக்காது. வளைகுடாவிலிருந்து இலங்கைத் தமிழரான மயூரநாதன் எழுதிய பக்கத்தை, தேனியிலிருந்து மு. சுப்பிரமணி திருத்த முடிந்தது. 2006 முதல் முத்துக்கமலம் இணைய இதழை நடத்திவரும் தேனி மு. சுப்பிரமணிதான், 2010-இல் ‘தமிழ் விக்கிப்பீடியா’ என்றே ஒரு புத்தகம் எழுதினார். பல்கலைக்கழகமோ பெரிய நூலகமோ பக்கத்தில் இல்லாத ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. யார் எதை எப்போது மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றிலேயே கிடக்கிறது. செப்பேட்டு வாசிப்பில் நாம் கேட்பதும் அதைத்தானே?

2017-இல் அங்கே கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. தேனிக் கடைகளிலோ பழைய பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிறது. அதற்கு யூனிகோட் தெரியாது. போன மாதம் வந்த காதுகுத்துப் பத்திரிகையின் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தேன். ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எம்’.