பால்மரக் காட்டின் பின் பிரேக்

மழை நனைத்த செம்மண் சரிவில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும், வண்டி சாயும். மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டப் பாதைகளில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அதிகம். அதனால் அங்கே மோட்டார் சைக்கிளில் உண்மையாக உழைத்தது பின் பிரேக்தான். வலது கால் மிதிக்கும் அந்த ஒற்றை இரும்புப் பெடல். பால்மரத் தோட்டங்களின் கதையைக் கங்காணி, லயம், கூலி என்று பலர் எழுதிவிட்டார்கள். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம்முக்குள்ளும் அந்தக் கதையில் கொஞ்சம் தேய்ந்து கிடக்கிறது.

1909ஆம் ஆண்டு பாங்காக் ஒப்பந்தத்தின்படி கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. 1915இல் ரயில் அலோர் ஸ்டார்வரை வந்தது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று ரப்பர் பரவியது. பால்மரம் வெட்டத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். தண்டவாளமும் தார்ச்சாலையும் பட்டணத்தோடு நின்றன. தோட்டத்துக்கு உள்ளே தோளில் காண்டாக் கம்பு, இரு முனையிலும் பால் வாளி, காலுக்கடியில் மண். வசதி வந்தபோது ஒரு சைக்கிள்.

1958இல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. 49 சி.சி. எஞ்சின், 17 அங்குலச் சக்கரங்கள், கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. அதே ஆண்டில் ஹோண்டாவின் மலாயா விற்பனை உரிமையைப் பெற்றவர் கெடாவுக்கு எதிர்க்கரையான பினாங்கில் இருந்த லோ பூன் சியூ. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து சிறுவனாக வந்து, மோட்டார் பட்டறையில் கை கறுத்துத் தொழில் பழகியவர். ‘கப்’ என்ற பெயரோடு, சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டி ‘கப்சாய்’ ஆனது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அது பொதுச்சொல்.

பின்னால் வந்த ஹோண்டா சி70இன் எஞ்சின் 72 சி.சி.தான். அதன் முதுகில் ஏற்றப்பட்டதற்குக் கணக்கில்லை. பால் டின், அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பாரமெல்லாம் பின் சக்கரத்தின்மேல். சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்கே அதிகம் நிறுத்தும். பின்னால் மூட்டை இருந்தால் பின் சக்கரம் தரையைக் கவ்வும். பின் பிரேக்குக்கு வலு கூடும். தோட்டத்துக்காரர்களின் வலது கால் பழக்கம் வெறும் பயத்தில் பிறந்ததில்லை.

டிரம்முக்குள் இருப்பது எளிய ஏற்பாடு. அலுமினிய ஹப், அதனுள்ளே வார்ப்பிரும்பு வளையம், அரைவட்டமான இரண்டு பிரேக் ஷூ, அவற்றை விரிக்க ஒரு கேம். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஒரு ஷூவை அந்தச் சுழற்சியே இழுத்து அழுத்தும். மற்றது துணைக்கு நிற்கும். மேட்டில் நின்ற வண்டி பின்னோக்கி உருண்டால் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். மூட்டையோடு மேடு ஏறி நடுவில் நின்றுவிட்ட வண்டிக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

பிறகு ஒருநாள் பெடல் ஆழமாக இறங்கும், வண்டி நிற்காது. பெடலையும் கேமையும் இணைக்கும் ராடின் நுனியில் இருக்கும் நட்டைத் திருகினால் சில வாரம் ஓடும். ஷூ தேய்ந்த பின்னும் திருகிக்கொண்டே போனால் ஆபத்து. சிலர் கேம் தண்டில் மாட்டிய கையைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பெடல் மேலே வந்துவிடும், தேய்மானம் மறைந்துவிடும். கடைசியில் கேம் அளவுக்கு மீறித் திரும்பிச் சிக்கி, ஓடும் சக்கரத்தையே பூட்டிவிடலாம். செலவை மிச்சப்படுத்திக் கொடுப்பதாகச் செய்யும் இந்த வேலை பெரிய தவறு. பின்னாளில் வந்த வண்டிகளில் கேம் தண்டில் ஓர் அம்புக்குறி வைத்தது இதற்காகத்தான்: பெடலை மிதிக்கும்போது அம்பு தட்டிலுள்ள கோட்டைத் தொட்டால் ஷூவை மாற்றியாக வேண்டும்.

நல்ல கைக்காரர் நட்டைத் தொடுமுன் சங்கிலியைப் பார்ப்பார். தளர்ந்த சங்கிலியை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளும்போது பிரேக் ராடும் கூடவே இழுபடும். அதைத் தளர்த்த மறந்தால் ஷூ நாள் முழுக்க உரசிச் சூடேறும். லைனிங் கண்ணாடிபோல் மினுங்கிப் பிடிப்பை இழக்கும். மணல்தாளால் தேய்த்து அந்த மினுக்கத்தை எடுக்கலாம். சக்கர பேரிங்கிலிருந்து கிரீஸ் கசிந்து ஊறிய ஷூவை எத்தனை தேய்த்தாலும் பயனில்லை. சீலோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான். கேம் தண்டில் செம்மண் ஏறி இறுகியிருந்தால் கழற்றித் துடைத்து, கிரீஸை ஒரு மெல்லிய பூச்சு மட்டும் வைப்பார்கள். கடைசியாக டிரம்மின் உள்விட்டம். புதிதில் 110 மில்லிமீட்டர். 111ஐத் தாண்டினால் புதிய ஷூ போட்டும் பிடிக்காது.

அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைத் திறந்ததும் வாயாலோ காற்றுக் குழாயாலோ தூசியை ஊதித் தள்ளிய பட்டறைப் பையன்கள் எத்தனை பேர்! நுரையீரலுக்குள் போய்த் தங்கும் நார் அது. ஈரத்துணியால் துடைத்திருந்தால் போதும். அதை அவர்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை.

1973இல் மலேசியாவில் தலைக்கவசம் கட்டாயமானது. சொந்த மோட்டார் சைக்கிள்களுக்கு ஆண்டுச் சோதனை என்று ஒன்று வரவில்லை. டிரம்மைத் திறந்து பார்க்கும் பொறுப்பு பட்டறைக்காரரின் மனசாட்சியிடமே விடப்பட்டது.

1990களில் கெடாவே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. ஜெராய் மலைக்கு அருகே குரூணில் 1995இல் மொடெனாஸ் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு கவாசாகியின் தொழில்நுட்பத்தோடு 111 சி.சி. கிரிஸ் வந்தது. அதே 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் தார்ச்சாலையில் ஆலைகளுக்கு ஓட்டினார்கள். பாதை மாறியதும் பழக்கமும் மாறவேண்டியிருந்தது: காய்ந்த தாரில், பாரமில்லாத வண்டியில், முன் பிரேக்கைத் தொடாமல் பின்னதை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிச் சறுக்கும். அப்பாவின் காலைக் காத்த பாடம் மகனுக்குப் போதாமல் போனது.

பால்மரம் இருந்த பல இடங்களில் இன்று செம்பனை, இல்லாவிட்டால் வீடமைப்புத் திட்டம். புதிய வண்டிகளின் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அந்த மண் பாதைகளில் பழைய கப்சாய்களின் பின் பெடல் இப்போது அவர்களின் வலது காலுக்கடியில் இருக்கிறது.