கலைந்த பிறகு தொடங்கிய பாடல்கள்

1999 செப்டம்பரில், அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் மூன்று கல்லூரிப் பையன்களின் ஆல்பம் ஒன்று வெளிவந்தது. குழுவின் பெயர் அமெரிக்கன் ஃபுட்பால். ஆல்பத்துக்கும் அதே பெயர்தான். அட்டையில் அர்பானா என்ற சிறுநகரத்தின் ஒரு சாதாரண வீடு, மங்கிய இரவு, மாடி ஜன்னல் ஒன்றில் வெளிச்சம். ஆல்பம் கடைக்கு வந்த நேரத்தில் குழு கிட்டத்தட்ட இல்லை. படிப்பு முடிந்தது, ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். சண்டை கிண்டை எதுவும் கிடையாது. நம் எல்லாருடைய கல்லூரிக் கூட்டமும் எப்படிக் கலைந்ததோ அப்படித்தான் அதுவும் கலைந்தது.

பதினைந்து வருஷம் கழித்து, 2014இல், அதே மூவரும் மீண்டும் மேடை ஏறினார்கள். பாஸ் கிட்டார் வாசிக்கப் பாடகர் மைக் கின்செல்லாவின் பங்காளி நேட் சேர்ந்துகொண்டார். நியூயார்க்கின் வெப்ஸ்டர் ஹாலில் மட்டும் மூன்று இரவுகள். பிறகு 2016இல் ஓர் ஆல்பம், 2019இல் இன்னொன்று. 2023இல் அட்டைப்படத்தில் இருந்த அந்த வீட்டையே குழுவும், அவர்களுடைய ரெக்கார்டு கம்பெனியான பாலிவினைலும், வேறு சிலரும் கூட்டாக விலைக்கு வாங்கினார்கள். ரசிகர்கள் யாத்திரை மாதிரி வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த வீடு அது.

இந்தப் பதினைந்து வருஷத்தில் குழு என்ன செய்தது? குழுவாக ஒன்றுமே செய்யவில்லை. அத்தனையையும் செய்தது கேட்டவர்கள்தான். ஹார்டு டிஸ்க் மாற்றி ஹார்டு டிஸ்க் ஏற்றினார்கள், கிட்டாரின் விசித்திரமான சுருதி அமைப்பைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள், அதே பாணியில் சொந்தக் குழுக்கள் தொடங்கினார்கள். எனக்கு அது வந்து சேர்ந்ததும் அப்படித்தான். எஞ்சினியரிங் ஹாஸ்டலில் ஒருவனுடைய ஹார்டு டிஸ்கில் 'இங்கிலீஷ்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் மெட்டாலிகாவுக்கும் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸுக்கும் நடுவில் அது கிடந்தது. எந்த வருஷத்துப் பாட்டு, யார் பாடியது, ஒன்றும் தெரியாது.

'எமோ' என்றால் நம்மில் பலருக்கு நெற்றியை மறைக்கும் முடியும் கண்மையும்தான் ஞாபகம் வரும். அது 2000களின் வேடம். வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 80களின் நடுவில் வாஷிங்டன் டி.சி.யில் ஹார்ட்கோர் பங்க் கோபமும் வேகமுமாக ஓடிக்கொண்டிருந்தபோது, ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற குழுக்கள் அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொந்த வலியைப் பாட ஆரம்பித்தன. 'எமோஷனல் ஹார்ட்கோர்' என்று பெயர் வந்தது. பெயர் சூட்டப்பட்டவர்களுக்கே அது பிடிக்கவில்லை. 90களில் இது உள்நாட்டுச் சிறுநகரங்களுக்கும் கல்லூரி ஊர்களுக்கும் பரவியது. அங்கே கிட்டார் மெதுவானது, தாளம் சிக்கலானது, பாடல்கள் டைரிக் குறிப்பு மாதிரி ஆயின.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் காலத்தின் முக்கியமான குழுக்கள் ஏறக்குறைய எல்லாமே சின்ன வயதில் முடிந்துபோனவை. சிகாகோவின் கேப்'ன் ஜாஸ் 1995இல் கலைந்தது. அதில் டிரம்ஸ் வாசித்த விடலைப் பையன்தான் பின்னாளில் அமெரிக்கன் ஃபுட்பாலின் பாடகரான மைக் கின்செல்லா. சியாட்டிலின் சன்னி டே ரியல் எஸ்டேட் 1994இல் 'டைரி' என்ற ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷமே உடைந்தது. இருவர் ஃபூ ஃபைட்டர்ஸுக்குப் போனார்கள். ஜாபிரேக்கர் 1995இல் பெரிய கம்பெனிக்கு ஆல்பம் செய்தது. 'விலைபோய்விட்டார்கள்' என்று சொந்த ரசிகர்களே முகத்தைத் திருப்பிக்கொள்ள, 1996இல் குழு காலி. அதே ஜாபிரேக்கர் 2017இல் சிகாகோவின் ரயட் ஃபெஸ்டில் திரும்ப ஏறியபோது, வரவேற்ற கூட்டத்தில் பாதிப் பேர் 1996இல் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதைப் பழைய நினைவு விற்பனை என்று ஒதுக்கிவிடலாம். கொஞ்சம் அதுவும் உண்டுதான், டிக்கெட்டுக்குக் காசு வாங்காமலா பாடுகிறார்கள்? ஆனால் பழைய நினைவு என்பது ஒரு காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு வருவது. இந்த அரங்குகளை நிறைத்தவர்களில் பலர் அங்கே இருந்ததே இல்லை. குழு இல்லாத காலத்தில்தான் அதன் ரசிகர்கள் உருவானார்கள்.

சரி, அதே 90கள், நம் நாடு. இங்கே என்ன நடந்தது?

1984இல் மும்பையில் ராக் மெஷின் என்று ஒரு குழு தொடங்கியது. அன்றைக்கு இந்திய ராக் குழு என்றால் அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசிப்பவர்கள் என்று பொருள். டீப் பர்ப்பிள் பாட்டை டீப் பர்ப்பிள் மாதிரியே வாசித்தால் கைதட்டல். சொந்தப் பாட்டு எடுத்தால் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும். 1986இல் மும்பை ரங் பவன் திறந்தவெளி அரங்கில் 'இண்டிபென்டன்ஸ் ராக்' விழா தொடங்கியது. 1988இல் ராக் மெஷின் சொந்தப் பாடல்களோடு 'ராக் அண்ட் ரோல் ரெனகேட்' ஆல்பத்தை வெளியிட்டது, 1990இல் இரண்டாவது. 1993இல் குழு இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே வருஷம் 'ப்ரெட்டி சைல்ட்' பாடலின் வீடியோ எம்டிவியின் ஆசிய நேயர் விருதைப் பெற்றது.

இங்கே டிவியின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1991இல் ஸ்டார் டிவி வழியாக எம்டிவி வந்தது. அப்போது காட்டுவதற்கு இந்தியப் பாப் வீடியோக்கள் சொற்பம். ஆங்கிலத்தில் பாடும் இந்தியக் குழுவுக்கு அது பொற்காலம். 1994இல் அந்த இடத்துக்கு சேனல் வி வந்தது, 1996இல் எம்டிவி இந்தியா தனியாக வந்தது. வந்தவர்கள் சீக்கிரமே கணக்குப் போட்டுவிட்டார்கள்: இந்த நாட்டில் பார்வையாளர் வேண்டுமென்றால் இந்தி வேண்டும். 1995இல் அலிஷாவின் 'மேட் இன் இந்தியா'வும் தலேர் மெஹந்தியும் அலையாக எழுந்தார்கள். இண்டஸ் கிரீடும் அதே 1995இல்தான் புதுப் பெயரில் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 1997இல் கலைந்தது. பாடகர் உதய் பெனகல் நியூயார்க் போனார். ஏற்றிவிட்ட ஏணி நகர்ந்துபோன கதை இது.

தெற்கே கொச்சியில் இன்னொரு கதை. 1977இல் தொடங்கிய 13ஏடி, எர்ணாகுளம் சீலார்ட் ஓட்டலில் ராத்திரிதோறும் வாசித்து வளர்ந்த குழு. சாப்பிட வந்தவர்கள் கேட்ட பாட்டை வாசிப்பதுதான் வேலை. அப்படி வாசித்து வாசித்துத்தான் 'கிரவுண்ட் ஜீரோ', 'டஃப் ஆன் த ஸ்ட்ரீட்ஸ்' என்று சொந்த ஆல்பங்களுக்கு வந்தார்கள். 90களின் நடுவில் அவர்களும் கலைந்தார்கள், பல வருஷம் கழித்து அவர்களும் திரும்ப மேடை ஏறினார்கள்.

இண்டஸ் கிரீட் 2010இல் மீண்டும் கூடியது. பெனகல், கிட்டாரிஸ்ட் மகேஷ் டினாய்கர், கீபோர்டு ஜுபின் பாலபோரியா ஆகிய மூவரும் பழையவர்கள். பாஸ் வாசித்த ருஷாத் மிஸ்திரியும் டிரம்ஸ் வாசித்த ஜெய் ராவ் கவியும் அடுத்த தலைமுறை. இந்த ஐவரும் சேர்ந்து 2012இல் 'இவால்வ்' ஆல்பத்தைச் செய்தார்கள். 2022இல் இண்டிபென்டன்ஸ் ராக் இடைவெளிக்குப் பிறகு திரும்பியபோதும் மேடையில் அவர்கள் இருந்தார்கள்.

இரண்டு நாட்டுக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. அமெரிக்கன் ஃபுட்பாலுக்காகக் காத்திருந்தது ஒரு பதிவு. குழு இல்லாவிட்டாலும் அது நகல் எடுக்கப்பட்டது, கடல் தாண்டியது, ஹாஸ்டல் அறைக்கு வந்தது. இந்தியக் குழுக்களின் கேசட்டுகள் கடையிலிருந்து மறைந்தபின் எளிதில் கிடைக்கவில்லை. என் ஹாஸ்டலின் அந்த 'இங்கிலீஷ்' ஃபோல்டரில் இல்லினாய் இருந்தது, மும்பையும் இல்லை, பக்கத்துக் கொச்சியும் இல்லை. இங்கே காத்திருந்தது ஆட்கள். நேரில் பார்த்தவர்கள், பின்னால் நின்று ஒயர் சுற்றியவர்கள், அண்ணனோடு போய்க் கேட்ட தம்பிகள். டெல்லியின் பரிக்ரமா தன் பாடல்களைத் தன் தளத்திலேயே இலவசமாகப் போட்டுவைத்தது, அது விதிவிலக்கு.

ஆள் வழியாகப் போகும் தாக்கத்துக்கு ஒரு பலம் உண்டு. அது பாட்டை விட்டுவிட்டுத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். ராக் மெஷின் தெற்குக்கு ஒரு ராகத்தையும் தரவில்லை. 'சொந்தமாகப் பாடலாம்' என்ற ஒரு வரியைத் தந்தது. 1996இல் பெங்களூரில் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் தங்கள் ஊர் நகைச்சுவையோடு சொந்த ஆங்கிலப் பாட்டு பாடத் தொடங்கினார்கள். கேரளத்தின் அவியல் இன்னும் ஒரு படி தாண்டி மலையாளத்திலேயே ராக் பாடியது. 2008இல் வந்த அவர்கள் ஆல்பத்தைக் கேட்டபோதுதான், 'மொழி ஒரு தடையே இல்லையே, தமிழில் ஏன் இது இல்லை?' என்று எங்கள் செட்டில் பேச்சு வந்தது.

பலவீனமும் உண்டு. ஆள் போனால் கதை போச்சு.

தமிழில் ஏன் இல்லை என்பதற்குச் சுருக்கமான பதில், சினிமா. ஏ.ஆர். ரஹ்மானே சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவைத் தொடங்கியவர். சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் ரூட்ஸ் என்ற குழுவில் கீபோர்டு வாசித்தவர். 1992இல் 'ரோஜா' வந்தது. அதன்பின் அந்தக் குழுக்கள் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி ஆகிவிட்டன. அந்த வரிக்குப் பின்னால் எத்தனை மாலைகள், எத்தனை பாடல்கள் இருந்திருக்கும்! சினிமா அந்தத் திறமையை வீணாக்கவில்லை, எடுத்து உச்சத்தில் வைத்தது. ஆனால் குழு என்ற வடிவத்தை விழுங்கிவிட்டது. திண்டுக்கல் போன்ற ஊரில் டிஸ்டார்ஷன் கிட்டார் என் தலைமுறையின் காதுக்கு வந்ததே ரஹ்மான் பாட்டின் இடையிசையாகத்தான். எங்களுக்கு ராக் என்பது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இருபது நொடி.

எங்கள் ஊரில் குழுக்கள் இல்லாமல் இல்லை. மாசி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மேடை, டியூப் லைட், 'இன்னிசை மழை' பேனர். எலெக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, பேடு, பாட இரண்டு பேர். விடிய விடிய அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் சீலார்ட் ஓட்டலில் 13ஏடி செய்ததும் இதுதானே? கையில் அதே கருவிகள், அதே ராத்திரிப் பிழைப்பு, சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பப்படும் அதே விருப்பப் பாடல்கள். அங்கே ஒரு கட்டத்தில் சொந்தப் பாட்டு வந்தது. இங்கே அதைக் கேட்க ஆள் இல்லை என்று எல்லாரும் நம்பினோம், வாசித்தவர்களும் நம்பினார்கள். அந்த ஆர்க்கெஸ்ட்ரா கிட்டாரிஸ்டுகளில் ஒருவர் பகலில் பூட்டுப் பட்டறையிலோ கூரியர் ஆபீஸிலோ இருந்தபடி சொந்த மெட்டு ஒன்றை முணுமுணுத்திருக்க மாட்டாரா? முணுமுணுத்திருந்தாலும் அதைப் பதிந்துவைத்தவர் யார்?

நிலைமை இப்போது மாறியிருக்கிறது. கபேர் வாசுகி தனியாகவும், டென்மாவோடு சேர்ந்த குரங்கன் குழுவிலும், தமிழில் மனசைத் திறந்து பாடியதைக் கேட்டபோது, எமோ என்ற சொல்லைத் தேடாமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தோன்றியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. ராக் என்பது கான்வென்ட் ஆங்கிலக்காரர்களின் சொத்து என்று என் தலைமுறை ஊர்ப் பையன்களுக்கு இருந்த கூச்சத்தை அந்த மேடை உடைத்தது. 90களின் மும்பையால் செய்ய முடியாத வேலை அது.

இந்தக் குழுக்களில் சில நிலைக்கும், சில கலையும். கலைவதில் தப்பே இல்லை. வாடகை, கல்யாணம், ஷிப்ட், பெங்களூர் என்று ஆயிரம் காரணம் வரும். மென்பொருள் வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான்: சர்வர் ஒருநாள் விழும், அதனால் விழுவதற்கு முன்னால் நகல் எடுத்து வை. 2014இல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆல்பம் மறுபதிப்பு கண்டபோது, பாலிவினைலிடம் பழைய ஒத்திகைப் பதிவுகளும் டெமோக்களும் இருந்தன. யாரோ ஒருவர் அந்த டேப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். மறுவருகைக்குத் தேவைப்பட்ட மூலதனத்தில் பாதி அது.

ஆகவே, காலேஜ் கல்ச்சுரல்ஸில் வாசித்த உங்கள் சீனியரின் சொந்தப் பாட்டு போனில் இருந்தால், ஃபைலின் பெயரை மாற்றுங்கள். குழுவின் பெயர், ஊர், தேதி, வாசித்தவர்கள் யார் யார் என்று எழுதிவையுங்கள். இரண்டு இடத்தில் ஏற்றிவையுங்கள். வீட்டுப் பரணில் மாமாவின் ஆர்க்கெஸ்ட்ரா கேசட் கிடந்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். இருபத்தெட்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் இருபத்தொன்பதாவதாக யாருடையது என்றே தெரியாத ஒரு மெட்டு வந்தால், மாமாவைக் கூப்பிட்டு அது யாருடையது என்று கேளுங்கள். அவர் இன்னும் இருக்கும்போதே கேளுங்கள்.