உள்ளங்கையில் ஒரு டீசல் எஞ்சின்

டீசல் என்றதும் நமக்கு லாரியும் பம்ப்செட்டும்தான் நினைவுக்கு வரும். உள்ளங்கையில் அடங்கும் டீசல் எஞ்சினும் உண்டு. மாதிரி விமானங்களுக்காக வந்தது. என் வயதில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த சிலருக்கு அதன் சத்தமும் ஈதர் வாடையும் இன்னும் மறந்திருக்காது.

1930களில் மாதிரி விமானங்களில் பெட்ரோல் எஞ்சின்தான். ஸ்பார்க் பிளக் இருந்தால் கூடவே பேட்டரி, காயில், கண்டென்சர் எல்லாம் வேண்டும். சின்ன விமானத்துக்கு அதுவே பெரிய சுமை. 1940களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் வந்த டைனோ என்ற 2 சி.சி. எஞ்சினுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. போர் முடிந்தபின், 1946-இல், இங்கிலாந்தில் மில்ஸ் 1.3 சி.சி. வந்தது. பிற்பாடு மில்ஸின் 0.75 சி.சி. எஞ்சினைப் பின்பற்றி நம் கல்கத்தாவில் அரோரா எஞ்சின்கள் தயாராயின.

பெயர் ஒன்றானாலும், 1897-இல் ருடால்ப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சின் வேறு. அதில் காற்றை மட்டும் அழுத்திச் சூடாக்கி, பிறகு எரிபொருளைச் செலுத்துவார்கள். இதில் இரண்டும் முன்பே கலந்து உள்ளே போய், அழுத்தத்தின் சூட்டில் பற்றிக்கொள்ளும். எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சமபங்கு. ஈதர் பற்றவைக்கும், மண்ணெண்ணெய் பலம் தரும், விளக்கெண்ணெய் தேய்மானத்தைத் தடுக்கும்.

ஓட்டுவதற்கு இருப்பவை இரண்டே திருகுகள். பக்கவாட்டு நீடில் வால்வு எரிபொருளின் அளவுக்கு. தலையில் உள்ள திருகு கம்ப்ரஷனுக்கு. காற்றுத் துளையை விரலால் மூடி விசிறியை ஓரிரு சுற்றுச் சுற்றினால் எரிபொருள் ஏறும். பிறகு விசிறியைச் சுண்ட வேண்டும். விரலைத் திருப்பி அடித்தால் கம்ப்ரஷன் அதிகம், அல்லது எரிபொருள் மிஞ்சிவிட்டது. அப்போது பலவந்தம் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடத் தொடங்கியதும் விட்டுவிட்டு வெடித்தால் கம்ப்ரஷன் போதவில்லை. திணறிச் சூடேறினால் கூடிவிட்டது. எஞ்சின் சூடானதும் கம்ப்ரஷனைச் சற்றுத் தளர்த்தி, நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் சத்தம் சீராகும். அந்த இடத்தைக் காதுதான் சொல்லும்.

1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவந்தார். மெதனாலில் ஓடும் அந்த எஞ்சின்கள் நாளடைவில் டீசலை ஓரங்கட்டின. இப்போது அவற்றையும் மின்மோட்டார் ஓரங்கட்டிவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினின் குரலைக் கேட்டுக் கையைத் திருத்திக்கொள்ளும் பழக்கத்தை அந்தக் குட்டி டீசல்போல் இளவயதில் கற்றுத்தரும் பொருள் வேறொன்றை நான் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இறுகிக் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் விளக்கெண்ணெய் பிசினாகி ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்துக் காயவிட்டு, பிறகு தலைமுடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கினால் இளகும். ஓட்டுவதானால் திறந்த வெளியில், நெருப்புக்குத் தள்ளி. பக்கத்தில் பேரப்பிள்ளையை நிறுத்தி, திருகை அவன் கையில் கொடுங்கள்.