ஆண்டு வரம்பும் வரலாற்று மெய்ம்மையும்: ராக்கி மலை ராண்டேவூ மீள்நிகழ்த்தல்கள் குறித்து

1825ஆம் ஆண்டுக் கோடையில் கிரீன் ஆற்றின் கிளையான ஹென்றிஸ் ஃபோர்க் அருகே வில்லியம் ஆஷ்லி ஒரு சந்தையைக் கூட்டினார். பீவர் தோலைக் கொடுத்து ஓராண்டுக்கான வெடிமருந்து, ஈயம், கம்பளி, சர்க்கரை வாங்கிச் செல்ல மலைகளிலிருந்து பொறிவேட்டையர் இறங்கி வந்தனர். ‘ராண்டேவூ’ எனப்பட்ட இந்தச் சந்தை 1840இல் அதே ஆற்றுப் படுகையில் கடைசியாகக் கூடியது. ஐரோப்பாவில் பட்டுத் தொப்பி பீவர் தொப்பியின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆறுகளிலும் பீவர் அருகிவிட்டது. பதினைந்தே ஆண்டு நீடித்த இந்த வணிக ஏற்பாட்டை அமெரிக்காவெங்கும் கோடைதோறும் ஆர்வலர்கள் கூடாரமடித்து மீள்நிகழ்த்துகிறார்கள். அவர்களுடைய கூட்டங்களில் மெய்ம்மையைக் காக்கப் பரவலாகக் கையாளப்படும் விதி ஒன்றுதான்: பொருள் 1840க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். வாயிற்காவலருக்கு வசதியான இவ்விதி வரலாற்றுக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு பொருள் உலகில் எங்கோ இருந்தது என்பது ஒன்று. குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட ஆற்றங்கரையில், இன்ன தரத்து மனிதன் கையில் அது சாதாரணமாகப் புழங்கியது என்பது வேறு. ஆண்டு வரம்பு முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் 1750களின் ஒஹாயோ காட்டு உடை அணிந்தவரும் 1838இன் மலைவேட்டையரும் ஒரே அடுப்பில் காப்பி காய்ச்சுகிறார்கள். விதிப்படி இருவரிடமும் பிழையில்லை.

துப்பாக்கியில் இது நன்றாகத் தெரியும். செயின்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் சகோதரர்கள் செய்த கனத்த துப்பாக்கி இன்று மலைவேட்டையரின் அடையாளமாகவே நிற்கிறது. ஆனால் ராண்டேவூ காலத்தில் மலைக்குப் போனவற்றில் அதன் பங்கு சிறிது. பென்சில்வேனியப் பட்டறைகளின் விலை மலிவான துப்பாக்கிகளும், பழங்குடியினருக்கென்றே செய்த வணிகத் துப்பாக்கிகளும்தான் மிகுதி. ஹாக்கனின் இன்றைய புகழுக்கு 1972இல் வந்த ‘ஜெரமையா ஜான்சன்’ திரைப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தப் பத்தாண்டில் ஏராளமாக விற்ற பிரதிகளில் பளபளக்கும் பித்தளை. மூலத் துப்பாக்கிகளிலோ பெரும்பாலும் மங்கிய இரும்பு. நாம் பார்த்துப் பழகிய 1830கள் பாதிக்கு மேல் 1970களில் தயாரானவை.

உடைக்கும் இதே கதிதான். தலை முதல் கால் வரை குஞ்சம் தொங்கும் மான்தோல் ஆடை முகாம்களில் சீருடை போலாகிவிட்டது. 1834 முதல் மலைகளில் திரிந்த ஆஸ்பார்ன் ரஸ்ஸல் தம் நாட்குறிப்பில் தரும் சித்திரம் வேறு. கிடைத்தால் பருத்தி அல்லது ஃப்ளானல் சட்டை. தோல் கால்சட்டையின் மேல் கம்பளியிலோ புகையூட்டிய எருமைத் தோலிலோ காலுறை. பாதத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, அதன்மேல் மொக்காசின். நாளெல்லாம் பனிநீரில் நின்று பொறி வைப்பவனுக்குக் கம்பளியின் அருமை தெரியும். நனைந்த தோல் சுருங்கிக் காலைப் பிடிக்கும். 1826இல் ஆஷ்லி தம் தொழிலை ஸ்மித், ஜாக்சன், சப்லெட் மூவருக்கும் கைமாற்றியபோது எழுதிய சரக்கு ஒப்பந்தத்தில் சீட்டித் துணி கெஜம் ஒரு டாலர், மூன்று புள்ளிக் கம்பளி ஒன்பது டாலர், பீவர் பொறியும் ஒன்பது டாலர். முந்தைய ஆண்டு மலையில் பீவர் பவுண்டுக்கு மூன்று டாலர் என்று வரவு வைக்கப்பட்டது. கம்பளி ஒன்றுக்கு மூன்று பவுண்டு பீவர்! அதுவும் மொத்த விலை. வேட்டையன் கைக்கு வரும்போது இன்னும் ஏறியிருக்கும்.

ஆகவே சான்றுகளில் பேரேட்டுக்கே முதலிடம் தர வேண்டும். ஓவியத்துக்கு அடுத்த இடம்தான். ராண்டேவூவை நேரில் கண்டு தீட்டிய ஒரே ஓவியர் ஆல்ஃபிரட் ஜேக்கப் மில்லர்; 1837இல் ஸ்காட்லாந்துப் பிரபு வில்லியம் டிரம்மண்ட் ஸ்டுவர்ட்டுடன் போனவர். ஆனால் இன்று அதிகம் மேற்கோளாகும் அவருடைய நீர்வண்ண ஓவியங்கள், பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் தொகுப்பின் இருநூறும், இருபதாண்டு கழித்து 1858–60இல் வரையப்பட்டவை. களத்தில் கிறுக்கிய கோட்டோவியத்தையும் பின்னாளில் புரவலருக்காகத் தீட்டிய படத்தையும் ஒரே எடையில் வைக்கக்கூடாது. ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும்: கூம்புக் கூடாரங்கள் எருமைத் தோலால் ஆனவை. இன்றைய முகாம்களை நிறைக்கும் வெள்ளைக் கித்தான் கூடாரம் எருமை அழிந்த பிற்காலத்தில்தான் பரவலானது.

பொருள்களையெல்லாம் திருத்திவிட்டாலும் சந்தையின் உயிர் வந்துவிடாது. கடன்தான் அதன் முதுகெலும்பு. நிறுவனத்திடம் பற்று எழுதிப் பொறியும் குதிரையும் வாங்கியவர்களில் பலர் அந்தப் பற்றைத் தீர்க்கவே அடுத்த குளிர்காலமும் மலையேறினார்கள். தோலைப் பதப்படுத்தி மொக்காசின் தைத்த ஷோஷோனி முதலான பழங்குடிப் பெண்களின் உழைப்பு இல்லாமல் இந்த வணிகம் நடந்திருக்காது. பிரெஞ்சுக் கனடியர், டெலவேர், இரோக்வாய் மக்களும் அங்கே இருந்தனர். தையலை உருப்பெருக்கி வைத்துச் சோதிக்கும் முகாம்களில் இவர்கள் கண்ணில் படுவது அரிது. பற்றுப் பேரேடு அதைவிட அரிது.

கெடுபிடி கூடினால் குடும்பங்கள் வராமல் போய்விடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். நான் கேட்பது கெடுபிடியை அல்ல, தெளிவை. 1968இல் தோன்றிய ‘அமெரிக்கன் மவுன்டன் மென்’ அமைப்பு, அன்றைய கருவிகளோடு காட்டில் வாழ்ந்து காட்டினால்தான் உறுப்பினரைத் தகுதிநிலையில் உயர்த்துகிறது. ரசீதைவிடக் கைத்திறனுக்கு மதிப்புத் தரும் இம்முறை எனக்கு உகந்தது. எல்லோராலும் அது இயலாது. ஆனால் எந்த ஆண்டை, எந்த ஆற்றங்கரையைக் காட்டுகிறோம் என்று அமைப்பாளர்கள் முன்கூட்டியே அறிவிக்கலாம். அந்த ஆண்டின் சரக்குப் பட்டியலை வருபவர் கையில் கொடுக்கலாம்.

ஃபோர்ட் பிரிட்ஜரில் செப்டம்பர் தொடக்கத்து விடுமுறையில் நடக்கும் பெரும் கூட்டத்துக்கு இது மிகவும் பொருந்தும். 1840க்கு முற்பட்டதைக் காட்டும் அந்தக் கூட்டம் நடக்கும் கோட்டையை ஜிம் பிரிட்ஜரும் லூயி வாஸ்கஸும் நிறுவியது 1843இல். பீவர் வணிகம் ஓய்ந்தபின் ஆரிகன் போகும் வண்டிகளுக்குச் சரக்கு விற்கக் கட்டிய இடம் அது. அங்கே 1843ஐயே நிகழ்த்தினால், வேலையிழந்த வேட்டையன் கடைக்காரனான கதையை அதே மண்ணில் பொய்யில்லாமல் சொல்லலாம். அமைப்பாளர்கள் அதைப் பரிசீலிக்க வேண்டும்.