கடல் கடந்து வரும் புதுப் பாட்டு

பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் காலைப் படகுக்குக் காத்து நிற்போர் பல மொழியினர். வங்காளமும் மலையாளமும் தெலுங்கும் தமிழும் அங்கே இந்தியோடு கலந்து ஒலிக்கும். அக்கரையிலுள்ள சாத்தத்துக்கு அலுவல் நிமித்தம் நாள்தோறும் செல்லும் நாம், சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், அருகே நின்ற தமிழ் இளைஞன் ஒருவனின் கைப்பேசியிலிருந்து எழுந்த பாட்டைச் செவிமடுத்தோம். அது திரைப்படப் பாட்டன்று. பறையறைந்தாற்போன்ற தாளத்தின்மேல், பேச்சும் பாட்டுமாக, ஒருவர் தம் தெருவின் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். "யார் பாடியது, தம்பி?" என்று வினவினோம். "தெரியாது ஐயா. தானாக வந்தது, கேட்கிறேன்" என்றான்.

அந்த விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. பாட்டு எதுவும் தானாக வருவதில்லை. யாரோ ஆக்குகிறார், யாரோ சுமந்து வருகிறார், யாரோ தேடிப் பெறுகிறார். ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்றோர்க்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. பெருநிறுவனங்களையும் திரைப்படத்தையும் சாராது தனித்து எழுந்த இவ்விசை, வழிநெடுகப் புலம்பெயர்ந்தோர் கையால் வளர்ந்ததாகும்.

முதலில் 'சோல்' இசையைக் காண்போம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் முழங்கிய பக்திப் பாடலும், அவர்களுடைய உலகியல் தாளப் பாடலும் 1950களில் ஒன்று கலந்தன. அக்கலப்புக்கு ஆன்மா எனப் பொருள்படும் 'சோல்' என்ற பெயர் அமைந்தது. ரே சார்லசும் சாம் குக்கும் இதன் முன்னோடிகள். பெரிய நிறுவனங்களின் வாயிலில் நில்லாமல், சிறு முதலோடு தாமே தொழில் தொடங்கியவர்கள் இதனைப் பரப்பினர். 1959இல் டெட்ராய்ட் நகரில் பெர்ரி கார்டி என்பவர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்றுத் தொடங்கியதே, பின்னாளில் உலகப் புகழ் எய்திய மோட்டவுன். மெம்பிஸ் நகரில் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டனும் பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கினர். ஸ்டாக்ஸ் எனப்பட்ட அக்கூடத்தில், முன்பு தின்பண்டம் விற்ற இடத்தில் அம்மையார் இசைத்தட்டுக் கடை வைத்தார். வரும் இளையோர் எதனை விரும்பிக் கேட்கின்றனர் என்று கண்டு, உள்ளே இசை ஆக்குவோர்க்கு உரைத்தார். பாட்டைத் தேடுவோரும் பாட்டை ஆக்குவோரும் ஒரு சுவரின் இரு புறமும் இருந்த காலம் அது.

அந்தச் சோல் இசைத்தட்டுகளே அடுத்த தலைமுறைக்கு விதைநெல் ஆயின. ஜமைக்காவில் பிறந்து, 1967இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்குக் குடியேறியவர் கிளைவ் கேம்பெல். கூல் ஹெர்க் என்பது அவர் ஏற்ற பெயர். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், தாம் குடியிருந்த கட்டடத்தில் தங்கை நடத்திய விருந்தில் அவர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாடுவோர் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் முழங்கும் இடத்தில் ஆடுவோர் கிளர்ச்சி பெறுவதை அவர் முன்னரே கண்டிருந்தார். ஆகவே ஒரே தட்டின் இரு பிரதிகளை இரண்டு பொறிகளில் வைத்து, ஒன்றில் தாளம் முடியுமுன் மற்றொன்றில் தொடங்கி, அத்தாளத்தை நீட்டும் முறையை வளர்த்தார். நீண்ட தாளத்தின்மேல் சொல் ஏறியது. ஹிப் ஹாப் பிறந்த நாளாக இன்று கொண்டாடப்படுவது அதுவே. குடிபெயர்ந்து வந்த இளைஞன் பழைய தட்டையே வாத்தியமாக்கினான் என்பது கருதத்தக்கது.

இவ்விசை தமிழைச் சேர்ந்ததும் புலம்பெயர்ந்தோர் வாயிலாகவே. மலேசியத் தமிழரான யோகி பி, 1990களிலேயே 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழுவில் ஆங்கிலமும் மலாயும் தமிழும் கலந்து பாடினார். பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'நட்சத்திரா' குழுவாகச் சேர்ந்து, 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ் இசைத்தொகுப்பை வெளியிட்டார். திரைப்படத்தின் துணையின்றி வந்த அத்தொகுப்பு தமிழ்நாட்டு இளைஞரையும் ஈர்த்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து ஏதிலியாக இலண்டன் மீண்ட மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தம் முதல் தொகுப்பை வெளியிட்டு மேலைநாட்டார் செவியை ஈர்த்திருந்தார். தாயகத்தில் 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் இருவர் குழு இணையத்தின் வழியே பெயர் பெற்று, 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பைத் தந்தது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால், தென்மாவின் இசைப் பொறுப்பில், 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியது. சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தே அப்பெயருக்கு மூலம். வடசென்னைக் கானாவும் ஹிப் ஹாப்பும் அங்கே கைகோத்தன. அக்குழுவில் பாடிய அறிவு, ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார்.

2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' என்னும் பாடலைக் கேளாத தமிழர் அரியர். அறிவு எழுதித் தீயுடன் பாட, சந்தோஷ் நாராயணன் உருவாக்கியது அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அறிவு அதில் வைத்தார். இத்தீவுவாசிகளுக்கு அது தொலைவுச் செய்தியன்று. 1964ஆம் ஆண்டின் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு வந்தோருள் சில குடும்பங்கள் நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கச்சாலைக் கொடிதாகத் தாக்கியது. நம் கடலிலேயே நடந்த கதைக்கு உறவான கதையை ஒருவர் பாடியிருக்க, அவர் யார் என்று அறியாமல் கேட்டிருப்பது தகுமோ?

பாட்டைத் தேடிப் பெறுவதில் நம் முன்னோர் பட்ட பாடும் நினைக்கத்தக்கது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, நேயர்கள் சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடிச் சென்றனர். 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்ததற்கு அத்தேட்டமும் ஒரு காரணம். போர்ட் பிளேரில் வானொலி நிலையம் 1963இல் அமைந்தது. நம் இளமையில் புதுப் பாட்டு ஒலிநாடாவாகப் பெட்டிக்குள் இருந்து, சென்னைக் கப்பலில் மூன்று நாள் கடலைக் கடந்தது. கொண்டுவந்தவர் வீட்டில் அண்டை அயலார் கூடிக் கேட்பர். உறையில் அச்சிட்ட பெயர்களையும் படிப்பர். 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி திறந்துவைக்கப்பட்டது. மூன்று நாள் வழி இமைப்பொழுதாயிற்று. ஆனால் உறை போயிற்று; உறையோடு பெயரும் போயிற்று.

பெயர் போவது சிறு இழப்பன்று. மேற்சொன்ன பாடல் புகழின் உச்சியில் இருந்த 2021ஆம் ஆண்டிலேயே, அப்பாடலைக் கொண்டாடிய இசை இதழ் ஒன்றின் அட்டையில் அதனை எழுதிய அறிவு இடம்பெறவில்லை. பலர் வெளிப்படையாகக் குறை கூறிய பின்னரே வேறோர் அட்டையில் இடம்பெற்றார். 2024இல், பாடல் வெளிவந்து மூன்றாண்டு கழிந்தும் அதனால் வருவாய் ஏதும் தம்மை எட்டவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் நிலையே இதுவாயின், சில நூறு பேர் கேட்கும் பாட்டை ஆக்குவோர் நிலை என்னவாகும்? தாமே எழுதி, தாமே பதிவு செய்து, தாமே வெளியிடுவோருக்குக் கேட்போரே காவல்.

ஆகவே நாம் செய்யத்தக்கன எளியவை. பிடித்த பாட்டைக் கேட்டதும் எழுதியவர், இசையமைத்தவர், வெளியிட்டவர் பெயர்களைத் தேடிப் படித்தல் முதலாவது. அவர்களுள் ஒருவர் பெயரைப் பற்றிக்கொண்டு அவருடைய பிற பாடல்களையும் கூட்டாளிகளையும் நாடிச் செல்லுதல் இரண்டாவது. ஒரு பெயர் பத்துப் பெயருக்கு வழிகாட்டும். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் இசைஞர் தாமே விற்கும் பாட்டை விலை கொடுத்துப் பெறுதல் மூன்றாவது. பிறருக்கு அனுப்பும்போது பெயரையும் சேர்த்தனுப்புதல் நான்காவது.

மறுவாரம் அதே இளைஞனைப் படகில் கண்டோம். நம்மைக் கண்டதும் அருகே வந்து, "ஐயா, அன்று கேட்டீர்களே, பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று கைப்பேசியை நீட்டினான். எழுதியவர், பாடியவர், தாளம் அமைத்தவர் என்று மூன்று பெயர்கள் இருந்தன. சாத்தம் சேருமுன் அவர்களுடைய வேறு இரண்டு பாட்டுகளையும் கேட்டு முடித்தோம்.