மிகைப்படுத்தல் (சொற்பொருள்)

மிகைப்படுத்தல் என்பது ஒன்றை உள்ள அளவினும் கூட்டியுரைத்தலைக் குறிக்கும். மிகு என்னும் வினையடியிலிருந்து, தகு - தகை என்பது போல, மிகை என்ற பெயர் பிறந்தது. தொடக்கத்தில் இச்சொல்லுக்குப் பொய் கலந்த பேச்சு என்ற சாயல் இல்லை. திருக்குறளில் இது தேவைக்கு மேற்பட்டது (குறள் 345), அதிகமாக இருப்பது (குறள் 504) என்னும் பொருள்களில் வருகிறது.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ஒன்றான மிகைபடக் கூறல் இப்பழைய பொருளைச் சார்ந்தது. வேண்டாத சொற்களைச் சேர்த்தல் அக்குற்றமாகும். கடுகை மலையென்பது அன்று. மாணவர்கள் இதனை உயர்வு நவிற்சி அணியுடன் குழப்பிக்கொள்வதுண்டு. முன்னது நூலுக்குக் குற்றம், பின்னது செய்யுளுக்கு அழகு.

அணியிலக்கணத்தில்

உயர்வு நவிற்சி என்பதில் நவிற்சி, சொல்லுதல் எனப் பொருள்படும் நவில் என்பதிலிருந்து வந்தது. தண்டியலங்காரம் இவ்வணியை அதிசயம் என்கிறது. வடமொழிப் பெயர் அதிசயோக்தி (அதிசயம் + உக்தி). அங்கு அதிசயம் என்பதற்கு மேம்பாடு, மிகுதி என்பனவே முதற்பொருள்; தமிழில் அது வியப்பைக் குறிக்கலாயிற்று.

இரு நூல்களும் தரும் வரையறை ஓரிடத்தில் வேறுபடுகிறது. மூலநூலான காவியாதர்சம் உலக எல்லையைக் கடந்து கூறுவதை இவ்வணியாகக் கொள்கிறது. தண்டியலங்காரமோ உலக வரம்பைக் கடவாது, சான்றோர் வியக்கும்படி கூறவேண்டும் என்கிறது. வழிநூல் மூலத்தை அப்படியே பெயர்க்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அணியை அணியாகவே படிப்பது வரலாற்று மாணவருக்கு இன்றியமையாதது. போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மேல் பாடுவது பரணி என்பது பாட்டியல் மரபு. அந்த ஆயிரத்தைப் போர்க்களக் கணக்காகக் கொள்ளல் ஆகாது.

பிறமொழிகளில்

ஆங்கிலத்தில் வழங்கும் ஹைப்பர்போலி, 'அப்பால் எறிதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். கணிதத்தில் அதிபரவளைவின் ஆங்கிலப் பெயரும் இதே மூலத்தைக் கொண்டது. எக்சாஜரேட் என்பதன் இலத்தீன் வேர் மண்மேட்டைக் குறிக்கும். குவித்து உயர்த்துதல் என்பது அதன் பழம்பொருள்.

பேச்சு வழக்கில்

கதை விடுதல், கண் காது மூக்கு வைத்துப் பேசுதல், அண்டப் புளுகு முதலியன பரவலாக வழங்குகின்றன. சரடு விடுதல், கயிறு திரித்தல், ரீல் விடுதல் ஆகிய மூன்றிலும் இழுக்க இழுக்க நீளும் பொருளே உவமையாக நிற்பது கவனிக்கத்தக்கது. அளவின்றிப் பேசுபவரை 'அளக்கிறார்' என்பது மட்டும் முரணாகத் தோன்றும்.